சமூகவியலின் மூன்று கோட்பாடுகளில் எது சரி? மொய் நோட்டை வைத்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சமூகவியல் முதலாண்டு படிக்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "செயல்பாட்டுக் கோட்பாடு, முரண்பாட்டுக் கோட்பாடு, குறியீட்டு இடைவினைக் கோட்பாடு மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். இதில் எது சரி? ஒன்று சரி என்றால் மற்ற இரண்டை ஏன் படிக்க வேண்டும்? மூன்றும் சரி என்றால் அது என்ன அறிவியல்? எனக்கு என்னவோ, ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததையே பெரிய வார்த்தையில் சொல்வது போல இருக்கிறது."

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சமூகவியல் நமக்குத் தெரியாத எதையாவது சொல்கிறதா என்பது ஒன்று. கோட்பாடு என்ற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இன்னொன்று. உங்களை உண்மையில் உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நான் 22 வருடமாகக் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். பெரிய ஆய்வாளர் கிடையாது. முதலாண்டு வகுப்பும் தமிழ்வழி மாணவர்களும்தான் என் அனுபவம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி சாமுவேல் ஸ்டூஃபர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1949-இல் அது வெளிவந்ததும் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் அதற்கு ஒரு மதிப்புரை எழுதினார். அதில் ஆறு முடிவுகளை வரிசையாகக் கொடுத்தார். படித்த வீரர்களுக்கு மனநலச் சிக்கல் அதிகம் வந்தது என்பது ஒன்று. கிராமத்திலிருந்து வந்தவர்கள் நகரத்து ஆட்களைவிடப் படைவாழ்க்கையில் உற்சாகமாக இருந்தார்கள் என்பது இன்னொன்று. வாசிக்கிறவருக்கு என்ன தோன்றும்? "ஆமாம், படித்தவன் ரொம்ப யோசிப்பான். கிராமத்தான் வெயிலும் மழையும் பார்த்தவன். இதற்குப் போய் ஓர் ஆய்வா?" அதைச் சொல்லவைத்துவிட்டு, அடுத்த பத்தியில் லாசர்ஸ்ஃபெல்ட் போட்டு உடைத்தார்: இந்த ஆறுமே ஆய்வில் கிடைத்ததற்கு நேர்மாறானவை. படிப்புக் குறைந்தவர்களுக்குத்தான் மனச்சிக்கல் அதிகம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லியிருந்தாலும் நாம் "ஆமாம், தெரிந்ததுதானே" என்றுதான் சொல்லியிருப்போம். எதிரெதிரான இரண்டு கூற்றுகளும் ஒரே மாதிரி "தெரிந்ததுதானே" என்று தோன்றினால், அந்தத் தோற்றத்தை நம்ப முடியாது. எது நடக்கிறது என்று போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அந்தப் பார்வைக்கு ஒரு முறை வேண்டும். சமூகவியல் தொடங்கும் இடம் அதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதற்குப் பாடநூலில் உள்ள எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு, எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: மொய் நோட்டு.

நான் மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவள். எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதற்குப் போனாலும் "செய்முறை" உண்டு. வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார். இன்னொருவர் நீள நோட்டில் ஊர், பெயர், தொகை எழுதுவார். வந்தவர் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போவார். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகும்போது, அவர் செய்ததற்குக் குறையாமல், கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் பத்திரிகை வந்ததும் அம்மா முதலில் தேதியைப் பார்க்க மாட்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்து, "முந்தி அவுக நமக்கு என்ன செஞ்சிருக்காகன்னு பாரு" என்பார். கையில் பணம் இருக்கிறதா, அந்த வீட்டார் மேல் பிரியம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். என்ன செய்ய வேண்டும் என்பது நோட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895-இல் "சமூக உண்மை" என்று ஒன்றைச் சொன்னார். பாடநூலில் அந்த வரையறையை நீங்கள் படித்திருப்பீர்கள்: தனிமனிதருக்கு வெளியே இருப்பது, தனிமனிதர் மேல் கட்டாயம் செலுத்துவது. அண்ணனாகவோ கணவனாகவோ குடிமகனாகவோ நான் செய்யும் கடமைகள் நான் உண்டாக்கியவை இல்லை, நான் பிறக்கும் முன்பே இருந்தவை என்று அவரே விளக்குகிறார். அம்மா அந்த நோட்டைத் திறக்கும் நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். மொய் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. செய்யாவிட்டால் போலீஸ் வராது. ஆனாலும் செய்யாமல் இருக்க முடியாது. அதேசமயம் இந்தக் கட்டாயம் ஆகாயத்தில் தொங்கவும் இல்லை. அம்மா மாதிரி ஆயிரம் பேர் பெட்டியைத் திறப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. மனிதர்களுக்கு வெளியே நிற்பதும் மனிதர்கள் வழியாக மட்டுமே நடப்பதும் ஒரே பொருளில் எப்படிச் சேர்கின்றன? சமூகவியலின் எல்லாக் கோட்பாடுகளும் இந்த ஒரு முடிச்சைத்தான் வெவ்வேறு நுனியிலிருந்து அவிழ்க்கப் பார்க்கின்றன.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மூன்று கோட்பாடுகளையும் அதில் வைத்தே பார்க்கலாம். 1994-ஆம் வருடம், என் மாமா மகனுக்குக் காதுகுத்து. நான் அப்போது கல்லூரி மாணவி. மொய் மேசையில் என் தம்பி எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டுமாக நான் நின்றேன். ஒரு பாட்டி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த ஓர் ஐம்பது ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசையும் மேசைமேல் வைத்தார். அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஒருநாள் களையெடுப்புக் கூலி அதில் பாதிகூட வராது. தம்பி பாட்டியின் பேரைக் கேட்டான். "ஏம் பேரு எதுக்குப்பா? எம் மகன் பேருல எழுது" என்றார். எழுதினான். அவர் நகரவில்லை. "வாசிச்சுக் காட்டு" என்றார். தம்பி ஊர், பேர், அம்பத்தொண்ணு என்று சத்தமாக வாசித்ததும், சரியென்று தலையாட்டிவிட்டு, என் கிண்ணத்தில் விரல்தொட்டுச் சந்தனம் எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனார். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும்.

செயல்பாட்டுக் கோட்பாடு இந்தக் காட்சியைப் பார்த்து, "இந்த வழக்கத்தால் முழு அமைப்புக்கும் என்ன வேலை நடக்கிறது?" என்று கேட்கும். வெளிப்படையான பதில் எளிது: விசேஷச் செலவு பெரிது, ஒரு குடும்பத்தால் தனியாகத் தாங்க முடியாது, அதனால் ஊரே பங்குபோட்டுக்கொள்கிறது. ராபர்ட் மெர்ட்டன் 1949-இல் இதற்கு ஒரு கூர்மையான பிரிவைச் சேர்த்தார். செய்கிறவர்களுக்கே தெரிந்த செயல் ஒன்று, அவர்கள் நினைத்துச் செய்யாமலே நடக்கும் மறைசெயல் இன்னொன்று. அவர் காட்டிய எடுத்துக்காட்டு அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களின் மழைச் சடங்கு. சடங்கினால் மழை வருவதில்லை. ஆனால் சிதறிக்கிடந்த மக்கள் ஒன்றுகூடுகிறார்கள், குழுவின் பிணைப்பு புதுப்பிக்கப்படுகிறது. மொய் நோட்டிலும் அப்படி ஒரு மறைசெயல் உண்டு. யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர்க்காரரோடு போக்குவரத்து இருக்கிறது, எது அறுந்துபோயிற்று என்று காட்டும் உறவுமுறை வரைபடம் அந்த நோட்டு. பாட்டி மகன் பேரில் எழுதச் சொன்னது, தன் காலத்துக்குப் பிறகும் அந்த வரைபடத்தில் தன் வீடு அழியாமல் இருப்பதற்காக.

மார்செல் மோஸ் 1925-இல் கொடைகளைப் பற்றி எழுதியது இங்கே அப்படியே பொருந்தும். கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்க வேண்டும், வாங்கினால் திருப்ப வேண்டும் என்று மூன்று கடமைகளை அவர் சொன்னார். பசிபிக் தீவுகளிலிருந்தும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்தும் அவர் எடுத்துக்காட்டியதை நாம் நம் வீட்டு மாடத்தில் வைத்திருக்கிறோம். பின்னால் பியர் பூர்தியு, அல்ஜீரியாவின் கபைல் மக்களிடம் பார்த்ததை வைத்து நுட்பமான ஒன்றைச் சேர்த்தார்: திருப்பிக் கொடுப்பதற்கு இடையில் உள்ள காலந்தான் கொடையைக் கொடையாக வைத்திருக்கிறது. நீங்கள் இன்று ஆயிரம் ரூபாய் மொய் செய்து, நான் நாளைக் காலையிலேயே அதே ஆயிரத்தை உங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தால் என்ன ஆகும்? கணக்கு நேராகிவிடும், உறவு முறிந்துவிடும்.

இந்தக் கோட்பாட்டின் பலவீனமும் மொய்யை வைத்தே தெரியும். தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. பலர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிவிருந்து வைத்து, அவரவர் பேரில் மொய் வாங்குவார்கள். வட்டியில்லாத பெரிய தொகை ஒரே நாளில் கையில் கிடைக்கும். அதில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் உண்டு. செயல்பாட்டுக் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஒரு வீட்டுக்குக் கஷ்டம் வந்தால் மற்ற வீடுகள் தாங்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே ராத்திரியில் கஷ்டம் வந்தால்? திருப்பிச் செய்ய வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே விழுந்த தோப்பில்தான் நிற்கிறார்கள். உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் இந்த ஏற்பாட்டால் உதவ முடியாது. இதோடு இன்னொன்று. ஒரு வழக்கத்தால் நன்மை இருக்கிறது என்பதால் மட்டும் அந்த வழக்கம் ஏன் வந்தது என்பது விளங்கிவிடாது. இதை துர்கைமே எச்சரித்தார்: காரணத்தைத் தனியாகவும் பயனைத் தனியாகவும் தேடவேண்டும் என்று. அவருடைய பேரைச் சொல்லி எழுதப்படும் தேர்வுத்தாள்களில் பாதி இந்த இரண்டையும் குழப்பிவிடுகின்றன. திருத்திச் சலித்தவள் சொல்கிறேன், நீங்கள் குழப்பாதீர்கள்.

முரண்பாட்டுக் கோட்பாடு அதே இரண்டு நிமிடத்தில் வேறு இடத்தைப் பார்க்கும். "யாருடைய உழைப்பு, யாருடைய பேர்?" பணம் பாட்டியுடையது. குனிந்து களையெடுத்த முதுகு அவருடையது. பேர் மகனுடையது. இருபது வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டுகிறவருக்கு அந்தப் பாட்டி இருந்ததே தெரியாது. மேசையில் எழுத உட்கார்ந்தது என் தம்பி. என் கையெழுத்து அவனுடையதைவிட நன்றாக இருக்கும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெண்பிள்ளை கையில் கணக்கு நோட்டைக் கொடுக்கலாம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் சண்டையாகக் கண்ணில் படுவதில்லை, பழக்கமாகத்தான் இருக்கிறது.

இன்னும் தள்ளிப் பார்த்தால், யார் பேர் நோட்டில் வரவே வராது என்பது தெரியும். அன்றைக்கு விசேஷத்தில் துணி வெளுத்தவருக்கும், முடி எடுத்தவருக்கும், பறை அடித்தவர்களுக்கும் பணமும் துணியும் சோறும் கொடுத்தார்கள். அது மொய்க் கணக்கில் வராது. மொய் என்பது திருப்பிச் செய்ய உரிமை உள்ளவர்களுக்கு இடையில் ஓடுவது. துணி வெளுத்தவர், பறை அடித்தவர் வீட்டு விசேஷத்துக்கு எங்கள் வீட்டார் போய் மேசைமுன் நின்று எழுதுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆக அந்த நோட்டு உறவின் வரைபடம் என்று செயல்பாட்டுக் கோட்பாடு சொன்னது உண்மைதான். அதே வரைபடம் சாதியின் எல்லைக்கோடும்கூட. மேலே "ஊரே பங்குபோட்டுக்கொள்கிறது" என்று எழுதினேனே, அந்த "ஊர்" என்ற சொல்லில் இடறாமல் நீங்கள் வாசித்திருந்தால், முரண்பாட்டுக் கோட்பாடு எதற்கு என்று அந்த இடமே சொல்லும். நம் கிராமங்களில் ஊர் என்றால் சேரி அதில் சேராது.

வர்க்கமும் உண்டு. கூட்டிச் செய்ய வேண்டும் என்ற விதி வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுதான், சுமை ஒன்றில்லை. முகூர்த்த மாதங்களில் ஐந்தாறு பத்திரிகை ஒன்றாக வந்துவிட்டால், வட்டிக்கு வாங்கி மொய் செய்கிறவர்களை எங்கள் பக்கம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மெர்ட்டனே இப்படியான தீய விளைவுகளுக்குக் கோட்பாட்டில் இடம் வைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செயல்பாட்டுக்காரர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் நல்லதென்று சொன்னவர்கள் என்று எழுதினால் அது அநியாயம். முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சுமை ஒருபக்கம் அதிகம் என்று காட்டிவிடும். அந்தச் சுமையைச் சுமக்கிறவர் ஏன் அதைப் பெருமையோடு, வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார் என்று கேட்டால், "பொய்யான உணர்வு", அதாவது தன் நிலைமை தனக்கே புரியாத மயக்கம், என்று சிலர் முடித்துவிடுவார்கள். அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்த எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

அந்த இடத்தில்தான் மூன்றாவதான குறியீட்டு இடைவினைக் கோட்பாடு வருகிறது. இதற்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் 1931-இல் இறந்தார். அவருடைய முக்கியமான நூல் மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து 1934-இல் தொகுக்கப்பட்டது. "குறியீட்டு இடைவினைவாதம்" என்று பேர் வைத்தவர் ஹெர்பர்ட் புளூமர், 1937-இல். இவர்கள் கேட்பது: "இந்த மனிதர்கள் இந்தச் செயலுக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள்? அந்த அர்த்தம் எப்படி உண்டாகி, எப்படி மாறுகிறது?" ஐம்பத்தொரு ரூபாயில் அந்த ஒரு ரூபாய் ஏன்? கடையில் அதற்கு ஒரு மிட்டாயோடு சரி. மொய்யில் அது "இது முடிந்த கணக்கில்லை, தொடரும்" என்பதற்கான குறி. எழுதியதை வாசிக்கக் கேட்டாரே பாட்டி, அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுதினால் மட்டும் போதாது, நாலு பேர் காதில் விழ வேண்டும்.

"நாலு பேர்" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மீட் சொன்னதில் மாணவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது "பொதுமைப்படுத்தப்பட்ட பிறர்" என்ற கருத்து. சின்னக் குழந்தை சொப்பு வைத்து விளையாடும்போது ஒரு நேரத்தில் ஒரு ஆளாகத்தான் இருக்கும்: அம்மாவாக, டீச்சராக, கடைக்காரராக. கொஞ்சம் வளர்ந்து கபடியோ கிரிக்கெட்டோ ஆடும்போது, மற்ற எல்லாரும் அடுத்து என்ன செய்வார்கள், தன்னிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று ஒட்டுமொத்தமாக மனதில் வைத்து ஆட வேண்டும். மீட் சொன்னது பேஸ்பால் ஆட்டத்தை. இப்படி ஒட்டுமொத்தமாக மனதுக்குள் குடிவந்துவிட்ட மற்றவர்களைத்தான் அவர் அந்தப் பெயரில் சொன்னார். நாம் தினமும் சொல்லும் "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பதில் வரும் அந்த நாலு பேர் இவர்கள்தான். அவர்களுக்குப் பேர் கிடையாது, முகவரி கிடையாது. ஆனாலும் சட்டை எடுக்கும்போதும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடும்போதும், மொய் எழுதும்போதும் அவர்கள் நம் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்ன அன்றைக்கே மாணவர்களுக்கு மீட் புரிந்துவிடுவார். சமூகமயமாதல் என்ற பாடமும் இதுவேதான்: நாலு பேர் நமக்குள் குடிவரும் கதை. அம்மா என்னை நோட்டைப் பார்க்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு என் தலைக்குள் ஒரு பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

எர்விங் கோஃப்மன் இதையே ஒரு மேடையாகப் பார்த்தார்: முன்மேடை, பின்மேடை. சில ஊர்களில் தாய்மாமன் செய்முறையை மைக்கில் அறிவிப்பார்கள். சீர்த்தட்டுகள் வெடிச்சத்தத்தோடு தெருவில் வரும். அது முன்மேடை. முந்தின ராத்திரி கணவனும் மனைவியும் நோட்டை வைத்துக்கொண்டு "ஆயிரமா, ஆயிரத்து ஐந்நூறா" என்று தாழ்ந்த குரலில் பேசியது பின்மேடை. நகரத்து வரவேற்புகளில் கவர் வந்த பிறகு இந்த மேடையின் அமைப்பே மாறிவிட்டது. கவருக்குள் இருப்பது யார் காதிலும் விழாது. வீட்டுக்குப் போய்ப் பிரிக்கிறவருக்கு மட்டுமே தெரியும். அதே பணம், அதே கடமை. கேட்பதற்கு நாலு பேர் இல்லை. சந்திப்பின் வடிவம் மாறும்போது செயலின் அர்த்தமும் மாறுகிறது என்று புளூமர் வழியில் வந்தவர்கள் சொல்வது இதைத்தான். இவர்களின் எல்லை என்னவென்றால், மேசைக்கு முன்னால் நடப்பதை அற்புதமாக விளக்குவார்கள். மேசை யார் வீட்டு வாசலில் போடப்படுகிறது, யார் அங்கே வரவே முடியாது என்பதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று பெட்டிகள் என்பது பாடநூல் ஏற்பாடு. முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு மூலவராகச் சொல்லப்படும் மார்க்ஸ் இறந்தது 1883-இல். செயல்பாட்டுப் பெட்டியில் வைக்கப்படும் துர்கைமின் முதல் பெரிய நூல் வந்தது 1893-இல். இருவரும் மேடையில் எதிரெதிரே நின்று வாதிட்டது போல நோட்ஸ்களில் எழுதியிருப்பார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை. மாக்ஸ் வெபரை எந்தப் பெட்டியிலும் முழுதாக அடைக்க முடியாது. அவர் சமூகச் செயலை நான்கு வகையாகப் பிரித்தார்: பலனைக் கணக்கிட்டுச் செய்வது, ஒரு விழுமியத்துக்காகச் செய்வது, உணர்ச்சியில் செய்வது, வழக்கம் என்பதால் செய்வது. அந்தப் பாட்டியின் ஐம்பத்தொரு ரூபாயில் நான்கும் இருந்தன. மகனுக்குத் திரும்ப வரும் என்ற கணக்கு, கடன் வைத்துச் சாகக் கூடாது என்ற மானம், பேரப்பிள்ளை முறை வரும் பையன் மேல் பாசம், காலங்காலமாகச் செய்வது என்ற வழக்கம். வெபர் இவற்றைத் தூய வடிவங்களாகப் பிரித்துவைத்தது, நிஜத்தில் அவை எப்படிக் கலந்திருக்கின்றன என்று அளந்து பார்ப்பதற்காகத்தான்.

சரி, எது சரி என்ற கேள்விக்கு வருகிறேன். "மூன்றும் மூன்று கண்ணாடி, எதைப் போட்டாலும் சரி" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கோட்பாடுகள் பெரும்பாலும் வெவ்வேறு கேள்வி கேட்கின்றன, அதனால் மோதுவதில்லை. ஆனால் சில இடங்களில் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லும். அந்த இடத்தில் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம், தீர்க்கவும் வேண்டும். இப்போதெல்லாம் சில பத்திரிகைகளில் "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்று அச்சிடுகிறார்கள். ஏன்? செயல்பாட்டு வழியில் யோசித்தால், வங்கிக் கடனும் சேமிப்பும் வந்துவிட்டன, மொய் செய்த வேலை வேறிடத்துக்குப் போய்விட்டது. முரண்பாட்டு வழியில் யோசித்தால், வசதி வந்தவர்கள் ஏழைச் சொந்தங்களுக்குத் திருப்பிச் செய்யும் கடமையைக் கழற்றிவிடுகிறார்கள். இடைவினை வழியில் யோசித்தால், வாங்காமல் இருப்பதே இப்போது அந்தஸ்தின் புதுக் குறியாகிவிட்டது. இந்த மூன்றும் ஒரே விளைவைக் காட்டாது. முதலாவது சரியென்றால், வங்கி வசதி எட்டிய எல்லாத் தரப்பிலும் அந்த வரி மெல்லமெல்ல வர வேண்டும். இரண்டாவது சரியென்றால், அப்படி அச்சிட்டவர்கள் மற்றவர் விசேஷங்களில் மொய் எழுதுவதையும் நிறுத்தியிருக்க வேண்டும், முக்கியமாக ஏழைச் சொந்தங்கள் வீட்டில். மூன்றாவது சரியென்றால், அவர்கள் வாங்குவதை மட்டும் நிறுத்தி, கொடுப்பதைத் தொடர வேண்டும், அதுவும் பலர் பார்க்கும்படி. என் சொந்தத்தில் நான் பார்த்தவரை மூன்றாவதுதான் அதிகம் தெரிகிறது. ஆனால் என் சொந்தம் ஒரு மாவட்டம், ஒரு சாதி, நாற்பது ஐம்பது குடும்பம். அதை வைத்துத் தமிழ்நாட்டுக்கே தீர்ப்பு எழுதினால் நான் பாடம் நடத்த லாயக்கில்லை.

இந்தத் துறையில் உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரிப்பதற்கு துர்கைமின் 1897 தற்கொலை ஆய்வு நல்ல பயிற்சி. மிகத் தனிப்பட்டதாகத் தோன்றும் ஒரு செயலுக்கும் சமூகந்தோறும் ஒரு விகிதம் இருக்கிறது, அந்த விகிதம் வருடாவருடம் பெரிதாக மாறாமல் நிற்கிறது, ஆகவே விகிதத்தைத் தனிமனித மனதை மட்டும் வைத்து விளக்க முடியாது: இது இன்றைக்கும் உறுதியாக நிற்கிறது. கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டண்டுகளிடம் விகிதம் அதிகம், காரணம் பிணைப்புக் குறைவு என்று அவர் சொன்னதில் சந்தேகம் உண்டு. மரணத்தைப் பதிவு செய்யும்போதே கத்தோலிக்கப் பகுதிகளில் அதை மறைத்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மொய்யிலும் அப்படித்தான். கடமை இருக்கிறது, இடைவெளி இருக்கிறது, அது உறவு வழியிலும் சாதி வழியிலும் ஓடுகிறது என்பதெல்லாம் நோட்டைத் திறந்தாலே தெரியும். அது ஏன் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது என்பதில் நான் மேலே சொன்னவை விளக்கங்கள்தான், முடிவுகள் இல்லை. மொய் நல்லதா கெட்டதா, ஒழிக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சமூகவியல் பதில் சொல்லாது. யாருக்கு என்ன நடக்கிறது என்று காட்டும், முடிவெடுப்பது நாம்தான்.

தேர்வுக்கு ஒரு வார்த்தை. வரையறையை நாலு வரியில் எழுதி முடித்துவிட்டு, உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்து மூன்று கேள்வியையும் அதனிடம் கேட்டு எழுதுங்கள். திருத்துகிறவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். அதற்கு முன்னால், வீட்டில் மொய் நோட்டு இருந்தால் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். பெண்கள் பேரில் எத்தனை வரி இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். அப்புறம் உங்கள் தெருவில் இருந்தும் நோட்டில் இல்லாத வீடுகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாக, அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு வரியைக் காட்டி "இது ஏன் இவ்வளவு?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால், உங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவோ, தினமும் போகும் பேருந்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதோ போதும். என்ன கிடைத்தது என்று இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.